வேல்ஸின் மிடில்டன் ஹால் மாளிகையும் தோட்டமும் என்ன ஆயின?

மாளிகை போய்விட்டது, தோட்டம் பெருமளவு மீண்டிருக்கிறது.

கார்மார்தன்ஷயரில் உள்ள இந்த எஸ்டேட்டை 1789-ல் வாங்கியவர் வில்லியம் பாக்ஸ்டன். கல்கத்தா நாணயச் சாலையில் உலோகத்தின் தரம் பார்க்கும் அதிகாரியாக இருந்தவர், அங்கேதான் பெரும் பணம் சேர்த்தார். இதைச் சொல்லாமல் தோட்டத்தின் அழகை மட்டும் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

புது மாளிகையை வடிவமைத்தவர் சாமுவேல் பெப்பிஸ் காக்கரெல். சுற்றிலும் ஓடைகளைக் கரை கட்டி மறித்து, சங்கிலிபோல் ஏரிகள், மதகுகள், அருவிகள் அமைத்தார்கள். குளிர்காற்று செடிகளைத் தாக்காதபடி காய்கறித் தோட்டத்துக்கு இரட்டை மதில். பீச் பழத்துக்கென்றே தனிக் கண்ணாடி வீடு.

1931-ல் மாளிகை எரிந்தது. 1951-ல் மிச்சச் சுவர்களையும் இடித்தார்கள். ஏரிகள் வற்றிப் புதர் மண்டின. அப்புறம் 2000-ல் வேல்ஸ் தேசியத் தாவரவியல் பூங்கா அங்கே திறக்கப்பட்டது. ஏரிகளையும் அணைகளையும் பின்னர் மீட்டெடுத்தார்கள்.