கணக்குப் பழக்க பிள்ளை கையில் சீட்டுக்கட்டைக் கொடுக்கலாமா?

மூன்றாம் வகுப்பு வந்தும் மகள் விரல் விட்டுத்தான் கூட்டுகிறாள், சீட்டு விளையாட்டு உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் கொடுங்கள். வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்வார்களோ என்பதுதான் உங்கள் தயக்கம் என்று நினைக்கிறேன். எனக்கும் அது இருந்தது.

என் மகனுக்கு அப்போது 8 வயது. எட்டும் ஏழும் எவ்வளவு என்றால் கையை மேசைக்கு அடியில் ஒளித்துக்கொண்டு எண்ணுவான். பெற்றோர் கூட்டத்தில் அவனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "இவனுக்குக் கணக்கு வராதுங்க" என்றார் டீச்சர். வீடு வரும்வரை அவன் பேசவே இல்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

அந்தக் கோடை விடுமுறையில்தான் சீட்டுக்கட்டை எடுத்தேன். ஜோக்கரையும் படச் சீட்டுகளையும் நீக்கிவிட்டால் 40 சீட்டு. ஆஸ் என்றால் ஒன்று. கலைத்து, ஒரு சீட்டை யாரும் பார்க்காமல் தலையணைக்கு அடியில் வைத்துவிடுவோம். மீதியைத் தரையில் பரப்பி, கூட்டினால் பத்து வரும் ஜோடிகளாக எடுப்போம். ஆறும் நாலும், ஐந்தும் ஐந்தும், இப்படி. பத்து தனியாகவே போய்விடும். கடைசியில் ஏழு மட்டும் நின்றால் தலையணைக்கு அடியில் இருப்பது மூன்று. எதுவும் மிஞ்சாவிட்டால் அங்கே பத்து. இதை நான் சொல்லித்தரவில்லை, அவனே கண்டுபிடித்தான். வீட்டுக்கு வந்தவர்களை எல்லாம் உட்காரவைத்துச் சொல்லிக் காட்டினான்.

பத்தின் ஜோடிகள் மனதில் பதிந்ததும் எட்டும் ஏழும் எளிதாகிவிட்டது. ஏழிலிருந்து இரண்டை எடுத்து எட்டுக்குக் கொடுத்தால் பத்து, மிச்சம் ஐந்து. அப்புறம் ரம்மி. படச் சீட்டுக்கும் ஆஸுக்கும் பத்து, மற்றதற்கு அதனதன் எண் என்று எல்லோர் கையிலும் மிஞ்சியதைக் கூட்டி எழுதும் வேலை அவனுடையது.

"சூதாட்டம் பழக்குகிறாயா?" என்று மாமனார் சத்தம் போட்டார். சீட்டால் நிலத்தை விட்டவர்களை ஊரில் பார்த்தவர், அவரைத் தப்பு சொல்ல மாட்டேன். நாங்கள் காசு வைக்கவில்லை, புளியங்கொட்டைகூட வைக்கவில்லை. இதையும் சூது என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். ஆனால் கல்யாண மண்டபத்தில் ஆண்கள் விடிய விடிய காசு வைத்து ஆடும்போது எங்கள் சொந்தத்தில் ஒருவரும் வாய் திறந்ததில்லை. மருமகள் சீட்டைத் தொட்டதும்தான் குடும்ப மானம் ஞாபகம் வந்தது.

சரி, உங்கள் மகள் விரல் விட்டால் விடட்டும், அவசரப்படுத்தாதீர்கள். ஒருமுறை மகன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நான் விடையைச் சொல்லிவிட்டேன். கையிலிருந்த சீட்டைப் போட்டுவிட்டு எழுந்து போனவன் இரண்டு நாள் கட்டைத் தொடவில்லை.