குளிர்காலத்தில் இரண்டு வாரம் சிறு படகில், கூடாரம் போட்டுத் தங்கி, வெப்பமான ஆளில்லாத கடற்கரையோரமாகப் போக ஏற்ற இடம் எது? என்ன ஏற்பாடு வேண்டும்?

டொரொன்டோ குளிரிலிருந்து தப்பிக்க சனவரிக் கடைசியில் இருவர் கிளம்புகிறோம், துடுப்புப் போடத் தெரியும், கடலில் பெரிய அனுபவம் இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில் மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா சுர் மாநிலம். அதிலும் லொரேத்தோ ஊரிலிருந்து தெற்கே லா பாஸ் வரை, கலிபோர்னியா வளைகுடாவைப் பார்த்த கிழக்குக் கரை. கடல்வழி சுமார் 230 கி.மீ.

மேற்கே ஹிகாந்தா மலைத்தொடரோடு தீபகற்பமே குறுக்கே நிற்பதால் பசிபிக்கின் பேரலை இந்தப் பக்கம் வராது. பகலில் 22 முதல் 25 டிகிரி, இரவில் 10 முதல் 14 டிகிரி இருக்கும். மழை அபூர்வம். புயல் பருவம் நவம்பரோடு முடிந்துவிடுகிறது. நெடுஞ்சாலை லொரேத்தோவுக்குத் தெற்கே கரையை விட்டு மலைக்குள் ஏறிவிடும். அதன்பின் கரையில் இருப்பவை சில மீனவக் குடியிருப்புகள் மட்டுமே. வழியில் உள்ள தீவுகள் பாதுகாக்கப்பட்டவை. லொரேத்தோ விரிகுடா 1996-இலிருந்து தேசியப் பூங்கா, கலிபோர்னியா வளைகுடாவின் தீவுகள் 2005-இலிருந்து யுனெஸ்கோ உலக மரபிடம். சனவரி முதல் மார்ச் வரை லொரேத்தோ கடலில் நீலத்திமிங்கிலம் வரும்.

இந்தப் பயணத்தின் போக்கைத் தீர்மானிப்பவை இரண்டு: வடக்கிலிருந்து அடிக்கும் காற்று, கையிலிருக்கும் குடிநீர். உடல்பலமும் படகின் விலையும் அதற்குப் பிறகுதான். இந்த இரண்டுக்கும் நாள்கணக்குப் போடாமல் போகிறவர்கள்தான் பாதியில் மீன்பிடிப் படகில் ஏறித் திரும்புகிறார்கள்.

முதலில் காற்று. குளிர்காலத்தில் அமெரிக்காவின் நெவாடா, யூட்டா மேட்டுநிலங்களில் கனத்த குளிர்காற்று தேங்கி உயர் அழுத்தம் உண்டாகும். வளைகுடா 1,100 கி.மீ. நீளம், இரு பக்கமும் மலை. அந்த இடுக்கு வழியாகக் காற்று தெற்கே பாயும். இந்த வாடைக்காற்றை அங்கே ‘நோர்த்தே’ என்கிறார்கள். 20 முதல் 30 நாட், அதாவது மணிக்கு 37 முதல் 55 கி.மீ. வேகத்தில் இரண்டு மூன்று நாள் விடாமல் அடிக்கும், சில சமயம் ஐந்து நாள்கூட. அலை மிக உயரமாக இருக்காது, ஆனால் ஒன்றுக்கொன்று நெருக்கமாகவும் செங்குத்தாகவும் வரும். சிறு படகுக்கு அதுதான் ஆபத்து. ஓர் அலையிலிருந்து இறங்கி நிமிர்வதற்குள் அடுத்தது வந்துவிடும். நாம் தெற்கே போவதால் காற்று முதுகில்தானே என்று நினைக்க வேண்டாம். பின்னாலிருந்து வரும் அலை படகைப் பக்கவாட்டில் திருப்பிக் கவிழ்க்கும். பாறை முனைகளில் அலை மோதித் திரும்பி எதிரலையாக வரும்.

அன்றாடம் வீசும் சாதாரணக் காற்று பொழுது சாய்ந்ததும் அடங்கிவிடும். இரவிலும் வடக்கிலிருந்து விடாமல் வீசினால் அது நோர்த்தே, மறுநாள் படகை இறக்கக் கூடாது. காலையில் இன்னொரு சோதனையும் செய்யலாம். கரையோர நீர் அமைதியாக இருந்தாலும் மணல்மேட்டில் ஏறித் தொடுவானத்தைப் பாருங்கள். அந்தக் கோடு ரம்பப்பல் மாதிரி வெட்டுவெட்டாகத் தெரிந்தால் வெளிக்கடலில் அலை எழுந்துவிட்டது என்று பொருள். காற்று நின்ற பிறகும் அலை அடங்கச் சில மணிநேரம் ஆகும், அவசரப்பட வேண்டாம்.

நல்ல நாளிலும் விடிவதற்கு முன்பே எழுந்து, வெளிச்சம் வந்ததும் கிளம்பி, பதினொரு மணிக்குள் கரையேறிவிடுங்கள். சூரியன் ஏழு மணியளவில்தான் வரும் என்பதால் கூடாரத்தைத் தவிர மற்றதை முந்தைய இரவே மூட்டை கட்டி வைத்தால் ஒரு மணிநேரம் மிச்சம். நான்கு மணிநேரத்தில் 20 முதல் 25 கி.மீ. போகலாம். அப்படிப் பார்த்தால் 230 கி.மீ.க்குப் பத்து நாள். அதற்கு மேல் காற்றுக்காக ஐந்து நாள் ஒதுக்குங்கள். சனவரியில் மூன்றில் ஒரு நாள் கரையில் கழியும் என்பது என் கணக்கு. விடுப்பு பத்தே நாள்தான் என்றால் முழு வழியையும் மறந்துவிட்டு, லொரேத்தோவுக்குத் தெற்கிலுள்ள புவெர்த்தோ எஸ்கொந்திதோவில் படகை இறக்கி தான்சான்தே, கார்மென் தீவுகளைப் பார்த்து லொரேத்தோவில் முடித்துக்கொள்ளுங்கள். அதுவே நிறைவான பயணம்.

அடுத்தது குடிநீர். வழியில் ஆறு, ஓடை, நம்பத்தகுந்த ஊற்று எதுவும் கிடையாது. ஆளுக்கு நாளுக்கு நான்கு லிட்டர் குடிக்கவும் சமைக்கவும் வேண்டும். குளிப்பதும் பாத்திரம் துலக்குவதும் கடல்நீரில்தான். நீர் நிரப்பக்கூடிய ஊர்கள் அக்வா வெர்தே, சான் எவரிஸ்தோ என்று இரண்டு. இடையே 75 கி.மீ.க்குச் சற்று மேல். துடுப்புப் போட மூன்று நாள், காற்றுக்கு நான்கு நாள், ஆக ஏழு நாள். இருவருக்கு 56 லிட்டர், 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஒரே பெரிய கேனில் ஊற்றாமல் தடித்த துணிப்பூச்சுள்ள 10 லிட்டர் பைகள் ஆறில் பிரியுங்கள். ஒன்று கிழிந்தால் பத்து லிட்டரோடு போகும். பைகளைப் படகின் நடுவில், அடித்தளத்தில் வைக்க வேண்டும். முனையில் வைத்தால் படகு அலையில் ஏறாமல் குத்தும். லொரேத்தோவில் ‘புரிஃபிகதோரா’ என்ற பலகையுள்ள கடைகளில் சுத்திகரித்த நீர் மலிவாகக் கிடைக்கும்.

படகு: உங்கள் அனுபவத்துக்குக் கடல் கயாக் (மேல்மூடிய, ஒடுக்கமான துடுப்புப் படகு) போதும். லொரேத்தோவிலும் லா பாஸிலும் வாடகைக்குக் கிடைக்கிறது. இருவர் ஒரே கயாக்கில் போவதைவிட ஐந்து மீட்டர் நீளமுள்ள ஒற்றையாள் கயாக் இரண்டு எடுப்பது நல்லது. ஒன்று கவிழ்ந்தால் மற்றது கைகொடுக்கும். கிளம்பும் முன் கவிழ்ந்து ஏறும் பயிற்சியைச் சுமையேற்றிய படகிலேயே செய்து பாருங்கள். காலிப் படகில் எளிதாக ஏறுகிறவர்கள்கூடச் சுமையோடு திணறுவார்கள். கரைக்கு வந்ததும் பொருளை இறக்கிவிட்டுத்தான் தூக்க வேண்டும். சுமையோடு தூக்கினால் படகின் அடி விரியும், முதுகும் பிடித்துக்கொள்ளும்.

பிறகு ஒருநாள் பாய்மரமும் துடுப்பும் உள்ள ஐந்து மீட்டர் திறந்த படகில் போக ஆசை வந்தால், இரவில் படகை எங்கே விடுவது என்பதுதான் முதல் பிரச்சினை. சுமையேற்றிய படகை இருவர் மணலில் இழுக்க முடியாது. கடல்மட்டத்தின் ஏற்றவற்றம் இங்கே ஒன்று முதல் இரண்டு மீட்டர் என்பதால் மாலையில் மிதந்த படகு நள்ளிரவில் கல்மேல் உட்கார்ந்திருக்கும். அதற்குத் ‘துணிக்கொடி’ நங்கூரம் (துணி காயப்போடும் கொடிபோல் கயிறு வளையமாக ஓடும் ஏற்பாடு) உதவும். நான்கு கிலோ நங்கூரத்தோடு இரண்டு மீட்டர் சங்கிலி, பிறகு ஆழத்தைப்போல் மூன்று மடங்கு கயிறு, அதன் நுனியில் ஒரு மிதவை, மிதவையடியில் ஒரு கப்பி. கரையிலிருந்து 25 மீட்டர் தள்ளி, வற்றத்திலும் ஒரு மீட்டர் நீர் நிற்கும் இடத்தில் நங்கூரத்தைப் போட்டு, 60 மீட்டர் கயிற்றைக் கப்பியில் கோத்து, இரண்டு நுனியையும் கரைக்குக் கொண்டுவந்து முடிந்தால் வளையமாகிவிடும். பொருளை இறக்கியபின் படகின் அணியத்தை அந்த வளையத்தில் கட்டி, ஒரு பக்கத்தை இழுத்தால் படகு மிதவைக்குப் போகும், மறுபக்கத்தை இழுத்தால் கரைக்கு வரும். வழக்கமாக நேரும் கோளாறு இரண்டு கயிறும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்வது. கரையில் அவற்றை நான்கு மீட்டர் இடைவெளியில் இரண்டு பாறைகளைச் சுற்றிக் கொண்டுபோனால் முறுக்காது. நோர்த்தே வரும் என்று முன்னறிவிப்பு இருந்தால் இந்த ஏற்பாட்டை நம்பக் கூடாது. படகைக் காலி செய்து, காற்றடைத்த உருளைகள் இரண்டு மூன்றை அடியில் கொடுத்து உருட்டி மேலேற்றிவிட வேண்டும்.

கூடாரம் தானாக நிற்கும் வகையாக இருக்கட்டும். மணலில் முளை நிற்காது. சிறு துணிப்பைகளில் மணல் நிரப்பி, கயிறு கட்டி, முழங்கை ஆழத்தில் புதைத்தால் 30 நாட் காற்றிலும் அசையாது. பாசி, சருகு ஒதுங்கிய கோட்டுக்கு மேலே போடுங்கள். வடக்கே பாறை முனை மறைத்து நிற்கும் கரையாகத் தேர்ந்தெடுங்கள். அலையாத்திக் காடு பக்கத்தில் வேண்டாம். ‘ஹெஹேன்’ என்ற, கண்ணுக்கு எளிதில் தெரியாத கொசுபோன்ற சிறுபூச்சி வலையிலும் புகுந்து கடிக்கும், சான் ஹொசே தீவின் தென்மேற்கு முனை இதற்குப் பேர்போனது. தரையில் ‘சோயா’ (cholla) என்ற கள்ளியின் முள் சிதறிக் கிடக்கும், காற்றுமெத்தையை விரிக்கும் முன் கையால் தடவிப் பார்க்காமல் தடித்த விரிப்பைப் போட்டுவிடுங்கள். காலில் ஏறினால் சீப்பால் நெம்பி எடுக்க வேண்டும்.

சாப்பாட்டில் நம்மவர்களுக்கு ஒரு வசதி. இரண்டு லிட்டர் குக்கர் ஒன்று எடுத்துப் போனால் எரிபொருளும் நீரும் வெகுவாக மிச்சம். ஒரு கப் அரிசிக்கு ஊற்றும் இரண்டு கப் நீரில் ஆறில் ஒரு பங்கு கடல்நீராக இருக்கலாம், உப்பு சரியாக அமையும். அதற்கு மேல் போனால் கரிக்கும். அரிசி, வெங்காயம், முட்டைகோஸ், எலுமிச்சை, ‘லெந்தேஹா’ என்ற பழுப்புப் பருப்பு எல்லாம் லொரேத்தோவிலேயே கிடைக்கும். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், அவல் ஆகியவற்றை மட்டும் வீட்டிலிருந்து கொண்டுபோங்கள். காற்றடிக்கும் நாளில் அடுப்பு மூட்டவே முடியாது, அப்போது ஊறவைத்த அவல்தான் சாப்பாடு. எரிவாயுக் குப்பியை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். பெட்ரோலில் எரியும் அடுப்பு இருந்தால் எந்தப் பெட்ரோல் பங்க்கிலும் நிரப்பிக்கொள்ளலாம்.

உணவை இரவில் வெளியே விடக் கூடாது. கரையில் கோயோட்டே என்ற காட்டுநாய், தீவுகளில் எலி, லா பாஸுக்கு அருகிலுள்ள எஸ்பிரித்து சான்தோ தீவில் ‘பாபிசூரி’ என்ற வரிவால் விலங்கு, பகலில் அண்டங்காக்கை. துணிப்பையைக் கிழித்துவிடும், மூடிபோட்ட வாளியோ கயாக்கின் அறையோதான் பாதுகாப்பு. காலையில் செருப்பை உதறிப் போடுங்கள், தேள் இருக்கும். கால் நனையும் ஆழத்தில் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தால் மணலில் புதைந்த திருக்கை விலகிப் போகும். குத்திவிட்டால் பொறுக்கும் அளவுக்குச் சூடான, 45 டிகிரி வரையான நீரில் ஒரு மணிநேரம் முக்கி வைத்தால் வலி அடங்கும். நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தினால் அது வேறு, உடனே உதவி வேண்டும்.

பலரும் அலட்சியம் செய்வது குளிரை. பிப்ரவரியில் கடல்நீர் 18 டிகிரிதான். வெயிலில் சட்டையோடு துடுப்புப் போட்டவர் கவிழ்ந்தால் மூச்சு திணறும், அரைமணியில் விரல் வேலை செய்யாது. கைகால் மூடிய 3 மி.மீ. ரப்பர் உடுப்பும் மிதவைச் சட்டையும் எப்போதும் உடம்பில் இருக்கட்டும். கைபேசிக்குப் பெரும்பாலும் சிக்னல் கிடைக்காது. செயற்கைக்கோள் வழியாகச் செய்தியும் வானிலையும் தரும் இன்ரீச் போன்ற கருவி ஒன்று, நீர்புகாத வி.எச்.எஃப் வானொலி ஒன்று அவசியம். அவசர அழைப்புக்கான சானல் 16-இல் கேட்பவர்கள் பெரும்பாலும் பாய்மரப் படகுக்காரர்களும் மீனவர்களுமே. கண்ணாடியிழைப் படகில் வரும் அந்த மீனவர்கள்தான் முதலில் உதவிக்கு வருவார்கள், நாலு ஸ்பானிய வாக்கியம் படித்துக்கொண்டு போங்கள்.

பூங்காவுக்குள் போகக் கைப்பட்டை வாங்க வேண்டும். லொரேத்தோவில் ஒன்று, எஸ்பிரித்து சான்தோவுக்குத் தனியாக ஒன்று. தூண்டில் எடுத்துப்போனால் மீன்பிடி உரிமம் வேண்டும். சங்கு, சிப்பி பொறுக்கி வரக் கூடாது. தீவில் தீ மூட்டக் கூடாது. மழையில்லாத பாலையில் மலம் மட்காது, காகிதம் வருடக்கணக்கில் கிடக்கும். மூடியிறுகும் கழிப்பு டப்பாவும் அதற்குரிய பைகளும் எடுத்துப்போய், எல்லாவற்றையும் ஊருக்குக் கொண்டுவர வேண்டும். இதில் எனக்கு விட்டுக்கொடுக்கவே மனம் வராது. அந்தக் கரைகளில் தங்கத் தக்க மணல்திட்டுகள் கொஞ்சம்தான், எல்லாரும் அதே இடத்தில்தான் படுக்கிறார்கள்.

சான் எவரிஸ்தோவுக்குத் தெற்கே இருந்து லா பாஸ் வரை சுமார் 90 கி.மீ. எஸ்பிரித்து சான்தோ தீவுக்கும் கரைக்கும் இடையிலுள்ள சான் லொரென்சோ கால்வாய் ஆறு கி.மீ. அகலம். வற்றத்தின் நீரோட்டமும் வடக்குக் காற்றும் எதிரெதிராக மோதும் வேளையில் அங்கே அலை கொதிக்கும். ஏற்றவற்றம் திரும்பும் அமைதியில், விடிகாலையில் மட்டும் கடந்து போங்கள். தீவுக்கே போகாமல் லா பாஸ் விரிகுடாவின் மேற்குக் கரையோரமாக லா பாஸுக்கு இறங்கவும் வழி உண்டு, காற்று இழுத்துக்கொண்டே இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். லா பாஸிலிருந்து லொரேத்தோவுக்குப் பேருந்து இருக்கிறது, சுமார் 350 கி.மீ., ஐந்து மணிநேரம். கயாக் வாடகைக்கு எடுக்கும்போதே லா பாஸில் ஒப்படைக்க முடியுமா, திரும்பக் கொண்டுபோக எவ்வளவு என்று பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.