லேசர் படகில் (ஒருவர் ஓட்டும் சிறிய பாய்ப்படகு) ஜைப் பண்ணும்போது, அதாவது பின்காற்றில் திரும்பிப் பாயை மறுபக்கம் மாற்றும்போது, மெயின் ஷீட் (பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு) அடிக்கடி மாட்டிக்கொள்கிறது. கயிற்றை மாற்றுவதா, கப்பியை மாற்றுவதா?

இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். ஜைப் பண்ணும்போதுதான் மாட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதுவே பாதி விடை. லேசரில் (இப்போது ஐஎல்சிஏ என்று பெயர்) ஷீட் மாட்டுவது பெரும்பாலும் தொய்வால்தான். பின்காற்றில் பாயை முழுக்க வெளியே விட்டிருக்கும்போது பூமிலிருந்து (பாயின் அடியில் இருக்கும் கம்பம்) படகின் பின்பக்கம் வரை கயிறு நீளமாகப் போகிறது. பூம் உள்ளே திரும்பியதும் அது தொங்கி, பின் மூலையில் கொக்கி போட்டதுபோல் விழுந்துவிடும்.

சென்னைத் துறைமுகத்துக்குள் என் முதல் ரேஸில் இதே கதைதான். மிதவையைச் சுற்றித் திரும்பினேன், பூம் பாதியில் நின்றது, பாய் காற்றைப் பிடித்தது, படகு கவிழ்ந்தது. டாகர்போர்டில் (படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகை) ஏறி நிமிர்த்திவிட்டுப் பார்த்தால், மூலையில் ஒரே ஒரு சுற்று. விரலால் தள்ளியதும் வந்துவிட்டது. அந்த ஒரு சுற்றுக்காக ரேஸே போனது இன்னும் மனதில் இருக்கிறது.

பூம் நகரத் தொடங்கும் அந்த நொடியில் ஷீட்டை ஒரு கை நீளம் வெடுக்கென்று இழுங்கள். தொங்கல் மேலெழும்பி மூலையைத் தாண்டிவிடும். முன்கூட்டியே இழுத்தால் மறுபடி தொய்யும், தாமதித்தால் மாட்டியிருக்கும். மெல்லிய காற்றுள்ள நாளில் இதை மட்டும் இருபது முறை செய்து பாருங்கள், கைக்குப் பழகிவிடும். படகின் பின்பக்கம் குறுக்கே கட்டியிருக்கும் டிராவலர் கயிறும் விறைப்பாக இருக்கட்டும். தளர்ந்திருந்தால் அதில் ஓடும் கப்பி டில்லரில் (சுக்கானைத் திருப்பும் கட்டை) இடித்து நடுவிலேயே நின்றுவிடும்.

அப்புறம் காலடியைப் பாருங்கள். உள்ளே இழுத்த கயிறு முறுக்கேறி, பாதத்தை மாட்டிக்கொள்ளும் கால் பட்டையில் சுற்றி முடிச்சாகும். கரைக்கு வந்ததும் ஷீட்டை முழுக்கக் கழற்றி, ஒரு முனையைக் கட்டிவிட்டு, மறுமுனை வரை முறுக்கு வெளியேறும்படி உருவிவிடுங்கள். ராட்செட் கப்பி (ஒரு திசையில் மட்டும் சுழன்று கயிற்றைப் பிடித்துக்கொள்வது), இழுக்கும்போது டிக் டிக் என்று கேட்க வேண்டும். காற்று குறைவான நாளில் அதை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஷீட் தானாக வெளியே ஓடாது. ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கிரீஸ் போடாதீர்கள், மணல் ஒட்டிக்கொள்ளும்.

தண்ணீரில் இருக்கும்போது இறுகிவிட்டால் பலத்தைக் காட்டாதீர்கள். படகின் மூக்கைக் காற்றுக்கு நேரே திருப்புங்கள், பாய் படபடக்கும், கயிற்றில் பாரம் போய்விடும். பிறகு கையாலேயே எடுத்துவிடலாம். கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் க்ளீட்டில் இறுகியிருந்தால் சற்று உள்ளே இழுத்து மேலே தூக்குங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும் ஓடவில்லை என்றால் கயிற்றின் பருமனைப் பாருங்கள். 6 அல்லது 7 மில்லிமீட்டர் போதும். தண்ணீர் குடித்து ஊதிப்போன பழைய கயிறு என்றால், சரி, அப்போது மாற்றிவிடுங்கள்.