விம்பிள்டன் 1, லிவர்பூல் 0: 1987-88 எஃப்.ஏ. கோப்பை கேள்வி பதில்

இன்றைய கேள்வி பதில் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை கால்பந்து பற்றி, அதிலும் 1987-88 சீசன் மட்டும். வேறு எதைக் கேட்டாலும் நழுவிவிடுவேன் என்று முன்பே சொல்லிவிட்டேன். மாவட்ட அளவில் பல வருஷம் விசில் ஊதியவன் என்பதால், நடுவர் சம்பந்தப்பட்ட கேள்வி வந்தால் கொஞ்சம் நீட்டுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைசிப் பெஞ்சு: சார், நான் அப்போது பிறக்கவே இல்லை. அந்த ஃபைனலில் என்ன நடந்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்.

1988 மே 14, லண்டனின் வெம்ப்ளி மைதானம், 98,203 பேர். லிவர்பூல் அந்த வருஷ லீக் சாம்பியன். 40 லீக் ஆட்டத்தில் தோற்றது இரண்டே இரண்டு. கோப்பையையும் எடுத்திருந்தால் மூன்று சீசனுக்குள் இரண்டாவது இரட்டை வெற்றி. எதிரே விம்பிள்டன் என்ற லண்டன் கிளப். 37ஆவது நிமிடத்தில் விம்பிள்டனின் டென்னிஸ் வைஸ் இடப்பக்கத்திலிருந்து ஃப்ரீ கிக்கைத் தூக்கிப் போட, லாரி சான்செஸ் தலையால் திருப்பிவிட்டார். இரண்டாம் பாதியில் லிவர்பூலின் ஜான் ஆல்ட்ரிட்ஜ் அடித்த பெனால்டியை டேவ் பீசன்ட் இடப்பக்கம் பாய்ந்து தட்டிவிட்டார். 1-0. கோப்பையைக் கொடுத்தவர் இளவரசி டயானா, வாங்கியவர் கேப்டனாகவும் இருந்த கீப்பர் பீசன்ட்.

சிவப்பு மஃப்ளர்: நான் லிவர்பூல் ரசிகன். அன்றைக்கு எங்களுக்கு நேரம் சரியில்லை, அவ்வளவுதானே? குட்டி டீம் ஒன்று குருட்டு அதிர்ஷ்டத்தில் ஜெயித்தது.

குட்டி டீம் என்பதை ஓரளவுக்கு ஒப்புக்கொள்கிறேன். 1977 வரை விம்பிள்டன் லீகுக்குள்ளேயே கிடையாது. 1982-83இல் நான்காம் டிவிஷன். 1986இல்தான் முதல் டிவிஷனுக்கு ஏறி வந்தார்கள். அவர்களுடைய பிளவ் லேன் மைதானத்தைப் பார்த்தால் முதல் டிவிஷன் மைதானம் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

குருட்டு அதிர்ஷ்டம் என்பதை ஒப்புக்கொள்ள முடியாது. முதல் டிவிஷனில் அவர்கள் முடித்த முதல் சீசனில் 6ஆம் இடம், அடுத்ததில் 7ஆம் இடம். 1987 மார்ச்சில் உங்கள் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டுக்கே போய் 2-1 என்று உங்கள் டீமைத் தோற்கடித்திருக்கிறார்கள். ஏற்கனவே ஒரு தடவை செய்ததைத்தான் வெம்ப்ளியில் திரும்பச் செய்தார்கள்.

ஃபைனலில் பார்க்க வேண்டிய இடம் வலது ஓரம். லிவர்பூலின் உயிர்நாடி ஜான் பார்ன்ஸ்; அவர் இடது ஓரத்தில் பந்தோடு திரும்பினால் கதை முடிந்தது. வழக்கமாக இடப்பக்கம் ஆடும் வைஸை அன்று வலப்பக்கம் மாற்றி, தடுப்பாட்டக்காரர் கிளைவ் குட்இயருக்குத் துணையாக நிறுத்திவிட்டார்கள். பார்ன்ஸ் பந்தை வாங்கியபோதெல்லாம் எதிரே இரண்டு பேர். மேனேஜர் பாபி கோல்ட், கோச் டான் ஹோவ். ஆர்சனலிலும் இங்கிலாந்து அணியிலும் தடுப்பாட்டத்தைக் கற்றுக்கொடுத்தே பேர் வாங்கியவர் ஹோவ். விம்பிள்டனை முரட்டுக் கூட்டம், கிறுக்குக் கும்பல் என்று சொல்லிச் சொல்லியே அவர் போட்ட கணக்கை யாரும் பேசுவதில்லை.

பஞ்சர் பந்து: எஃப்.ஏ. கோப்பை ஃபைனலில் முதன்முதலில் பெனால்டியைத் தவறவிட்டவர் ஆல்ட்ரிட்ஜ்தானே?

இல்லை. 1913இல் கிரிஸ்டல் பேலஸ் மைதானத்தில் நடந்த ஃபைனலில், சண்டர்லாந்துக்கு எதிராக ஆஸ்டன் வில்லாவின் சார்லி வாலஸ் பெனால்டியை வெளியே அடித்தார். வில்லா எப்படியோ 1-0 என்று ஜெயித்துவிட்டதால் வாலஸை எல்லோரும் மறந்துவிட்டார்கள். கோப்பை தொடங்கியது 1871-72இல். ஃபைனல் வெம்ப்ளிக்கு வந்தது 1923இல். நடுவில் அரை நூற்றாண்டு இருக்கிறது. ஆகவே 'வெம்ப்ளியில்' என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: வெம்ப்ளியில் நடந்த எஃப்.ஏ. கோப்பை ஃபைனலில் தவறிய முதல் பெனால்டி. அந்தச் சொல் விழுந்தால் தகவலே தப்பு.

அந்த சீசனில் அதற்கு முன் லிவர்பூலுக்காக அடித்த 11 பெனால்டியையும் கோலாக்கியவர் ஆல்ட்ரிட்ஜ். ஓடி வந்து ஒரு கணம் தயங்கி, கீப்பர் அசைகிறாரா என்று பார்த்து அடிப்பது அவர் பாணி. பீசன்ட் அசையாமல் நின்றார். மான்ஸ்ஃபீல்டில் நடந்த நான்காம் சுற்றிலும் ஒரு பெனால்டியைத் தடுத்துத்தான் பீசன்ட் தன் டீமைக் கரை சேர்த்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அரைக்கால் சட்டை: அந்தக் காலத்தில் டிரா ஆனால் என்ன செய்வார்கள் அண்ணா? பெனால்டி ஷூட்அவுட் உண்டா?

கிடையாது தம்பி. முடிவு தெரியும் வரை மறு ஆட்டம்தான். இதற்கு அந்த வருஷ எவர்டனைப் பார்த்தால் போதும். மூன்றாம் சுற்றில் ஷெஃபீல்டு வென்ஸ்டேயோடு 1-1, 1-1, 1-1. நாலாவது ஆட்டத்தில் 5-0! மூன்று நாள் பூட்டிக் கிடந்த கதவு நாலாம் நாள் நிலையோடு பெயர்ந்து விழுந்த மாதிரி. கிரேம் ஷார்ப் ஹாட்ரிக். அப்பாடா என்று நான்காம் சுற்றுக்குப் போனால் மிடில்ஸ்பரோவோடு மூன்று ஆட்டம். இரண்டு சுற்றைத் தாண்ட ஏழு ஆட்டம்! எட்டாவது ஆட்டத்தில் லிவர்பூல் வந்து, ரே ஹௌட்டன் போட்ட ஒரே கோலில் வெளியே தள்ளிவிட்டது.

நாலாம் டிவிஷன்: சின்ன டீம்களில் அந்த வருஷம் யாராவது கலக்கினார்களா?

போர்ட் வேல். மூன்றாம் டிவிஷனில் இருந்துகொண்டு டாட்டன்ஹாமை 2-1 என்று வெளியேற்றினார்கள். அவர்களே அதற்கு முந்தைய சுற்றில், லீகிலேயே இல்லாத மேக்கிள்ஸ்ஃபீல்டிடம் மூச்சு வாங்கி 1-0 என்றுதான் தப்பித்தார்கள்.

பேட்டைப் பையன்: அந்த விம்பிள்டன் டீமில் ஆடிய வின்னி ஜோன்ஸ் பிறகு நடித்த படங்களில் எது சிறந்தது?

சினிமா என் துறை இல்லை.

கடலோரக் கார்னர்: பியர்ட்ஸ்லி போட்ட கோலைப் பற்றி ஏன் வாயே திறக்கவில்லை? கோல் வலைக்குள் போனது. நடுவர் கொடுக்கவில்லை. அங்கேயே கோப்பை போய்விட்டது.

இதற்காகத்தான் காத்திருந்தேன். விம்பிள்டன் கோல் விழுவதற்குச் சற்று முன்னால் நடந்தது. பீட்டர் பியர்ட்ஸ்லி பந்தோடு உள்ளே நுழையும்போது ஆண்டி தார்ன் இடித்தார். நடுவர் பிரையன் ஹில் விசில் ஊதினார். பியர்ட்ஸ்லி தடுமாறியும் விழாமல் ஓடி, பீசன்டின் தலைக்கு மேலே பந்தைத் தூக்கி வலைக்குள் போட்டார். ஆனால் விசில் முந்திவிட்டது. லிவர்பூலுக்குக் கிடைத்தது வெறும் ஃப்ரீ கிக்.

கடலோரக் கார்னர்: தப்பு நடந்தாலும் ஆட்டத்தை ஓடவிடும் அட்வான்டேஜ் என்று ஒன்று இருக்கிறதே! இரண்டு நொடி பொறுத்திருந்தால் கோல். விசில் ஊதியவருக்கு இது தெரியாதா?

லைன்ஸ்மேன்: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். விசில் கேட்டதும் டிஃபெண்டர் நின்றுவிடுவான். அதற்கப்புறம் போட்ட கோலைக் கணக்கில் எடுக்கவே முடியாது.

கடலோரக் கார்னர்: விசில் கேட்ட பிறகு எடுக்கச் சொல்லவில்லை. ஏன் ஊதினார் என்கிறேன்.

இருவரும் கொஞ்சம் பொறுங்கள். இப்போது டிவியில் நீங்கள் பார்ப்பது என்ன? நடுவர் இரண்டு கையையும் முன்னால் நீட்டி ஆட்டத்தை ஓடவிடுகிறார். சில நொடியில் பலன் கிடைக்காவிட்டால் திரும்பி வந்து ஃப்ரீ கிக் கொடுக்கிறார். இந்தச் சலுகை சட்டத்துக்குள் வந்தது 1990களில். 1988இல் இல்லை. அட்வான்டேஜ் என்று ஒருமுறை விட்டுவிட்டால் விட்டதுதான், திரும்ப எடுக்க முடியாது. பியர்ட்ஸ்லி இரண்டடி தள்ளி விழுந்திருந்தால் கோலும் இல்லை, ஃப்ரீ கிக்கும் இல்லை. அப்போதும் இதே ஹில்லைத்தான் திட்டியிருப்பீர்கள். அந்தச் சட்டத்தின் கீழ் நானும் ஊதியிருக்கிறேன். காலில் அடிபட்டுத் தடுமாறுகிறவனைப் பார்த்ததும் கை தானாக விசிலுக்குப் போகும்.

கடலோரக் கார்னர்: ஆக, அவர் செய்தது சரி என்கிறீர்கள்.

சரி என்று சொல்லவில்லை. அவசரப்பட்டார். அந்த அவசரத்துக்குக் காரணம் சட்டத்திலேயே இருந்தது என்கிறேன். சரி, கணக்கை முழுசாகப் பார்ப்போமே. இரண்டாம் பாதியில் உங்களுக்குக் கிடைத்த அந்தப் பெனால்டி? குட்இயர் கால் நீட்டியது பந்தில்தான் பட்டது. பழைய ஒளிப்பதிவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஒரு தப்பு உங்களுக்கு எதிராக, ஒரு தப்பு உங்களுக்குச் சாதகமாக. இரண்டாவதைப் பற்றி எந்த லிவர்பூல் ரசிகரும் என்னிடம் புகார் சொன்னதில்லை.

லைன்ஸ்மேன்: அதைத்தானே நானும் சொன்னேன்!

நீங்கள் சொன்னது வேறு. விடுங்கள்.

மஞ்சள் அட்டை: ஃபைனலில் பெனால்டியைத் தவறவிட்ட முதல் ஆள் யார்?

மேலே பாருங்கள். 1913, வாலஸ்.

மதிய ஆட்டம்: அந்த சீசன் அரையிறுதியில்தான் ஹில்ஸ்பரோ விபத்து நடந்தது என்று படித்தேன்.

தப்பாகப் படித்திருக்கிறீர்கள், பலரும் இதில் குழம்புகிறார்கள். 1988 ஏப்ரல் 9: லிவர்பூலும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டும் ஹில்ஸ்பரோவில் மோதின. ஆல்ட்ரிட்ஜ் இரண்டு கோல், 2-1. ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, 1989 ஏப்ரல் 15 அன்று, அதே கோப்பை, அதே அரையிறுதி, அதே இரு டீம், அதே மைதானம். அன்றைய நெரிசலில்தான் 97 பேர் பலியானார்கள். முந்தின வருஷமே அந்த நிற்கும் பகுதியில் நெரிசல் இருந்ததாக அங்கே நின்ற ரசிகர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1988 ஆட்டத்தை நான் வெறும் ஸ்கோராகப் பார்க்காததற்கு அதுதான் காரணம்.

சுங்கச்சாவடி: கோப்பை ஜெயித்த விம்பிள்டன் ஐரோப்பாவில் எப்படி ஆடியது?

ஆடவே இல்லை. 1985இல் பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் மைதானத்தில் ரசிகர்கள் பலர் பலியான துயரத்துக்குப் பிறகு இங்கிலாந்து கிளப்புகளுக்கு ஐரோப்பியப் போட்டிகளில் தடை. கோப்பை வென்றவர்களுக்கான போட்டிக்கு விம்பிள்டன் போயிருக்க வேண்டியது, வாசல் சாத்தியிருந்தது. அடுத்த மாதமே பீசன்டை நியூகாசிலுக்கு 7,50,000 பவுண்டுக்கு விற்றுவிட்டார்கள். அதே நியூகாசிலை அதன் சொந்த மைதானத்தில் ஐந்தாம் சுற்றில் 3-1 என்று வீழ்த்தியவர்கள்தான் இவர்கள்.

ஊதா ஜெர்சி: 2013இல் விகன் இதே கோப்பையை ஜெயித்ததோடு ஒப்பிட்டுச் சொல்லுங்களேன்.

அது இன்னொரு நாள்.

பிளாட்பாரம் 3: இப்போது இரண்டு கிளப் இருக்கிறதே. இந்த 1988 கோப்பை யார் கணக்கு?

பழைய கிளப்பை 2003இல் மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த வருஷம் பெயரும் எம்.கே. டான்ஸ் ஆனது. இடமாற்றத்துக்கு 2002இல் அனுமதி கிடைத்ததுமே ரசிகர்கள் வெளியே வந்து ஏ.எஃப்.சி. விம்பிள்டனைத் தொடங்கி, அடிமட்ட லீகிலிருந்து ஏறி வந்தார்கள். 2007இல் எம்.கே. டான்ஸ் அந்தப் பழைய பெருமைகளுக்கான உரிமையை விட்டுக்கொடுத்து, கோப்பையின் மாதிரியை விம்பிள்டன் இருக்கும் மெர்டன் நகராட்சியிடம் ஒப்படைத்தது. 2020 நவம்பரில் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் பிளவ் லேனுக்கே திரும்பியது. பழைய மைதானம் இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே புது மைதானம். சட்டப்படி எப்படியோ, என் கணக்கில் கோப்பை அந்தத் தெருவுக்குச் சொந்தம்.

புதுப் பூட்ஸ்: ஐயா, இப்போதுதான் வந்தேன். ஃபைனலில் தவறிய முதல் பெனால்டி ஆல்ட்ரிட்ஜ் அடித்ததுதானே?

வெம்ப்ளியில்.