எச்சிலில் வரும் ஹெர்பிஸ்: வாசகர் கேள்விகளுக்கு வாய் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: என் கணவருக்கு எச்.ஐ.வி. அந்த வைரஸை அடக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறார். அவ்வப்போது உதட்டோரம் கொப்புளம் வருகிறது. அவர் குடித்த டம்ளரில் நான் குடிக்கலாமா?

பதில்: எச்.ஐ.வி.க்குப் பயந்துதான் கேட்கிறீர்கள் என்றால், தாராளமாகக் குடிக்கலாம். எச்சிலால் அது பரவாது. உதட்டில் வருவது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்ற வேறு வைரஸ். சிறு வயதில் யாரோ கொடுத்த முத்தத்தோடு வந்து, முகத்து நரம்பு முடிச்சில் படுத்துக் கிடக்கும். உடம்பு அசந்தால் எழுந்து வாய்க்கு வரும். பல நேரம் கொப்புளமே இல்லாமல் எச்சிலில் கலந்துவிட்டுப் போய்விடும். எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் இது கூடுதலாக நடக்கிறது. உங்களுக்கும் இந்த வைரஸ் ஏற்கெனவே இருக்கலாம். எதற்கும் கொப்புளம் ஆறும் வரை முத்தமும் ஒரே டம்ளரும் வேண்டாம்.

கேள்வி: நாக்கின் ஓரத்தில் வெள்ளை வரிகள். வழித்தாலும் போகவில்லை. புற்றுநோயா?

பதில்: வழிப்பதை முதலில் நிறுத்துங்கள். டங்க் கிளீனரால் ரத்தம் வரும்வரை வழித்துவிட்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு. துடைத்தால் வந்துவிடும் வெள்ளைப் படலம் பெரும்பாலும் காண்டிடா பூஞ்சை. துடைத்தும் வராமல், ஓரத்தில் மேலிருந்து கீழாக மடிப்பு மடிப்பாக இருந்தால், ஹேரி லூக்கோபிளேக்கியா என்று சந்தேகிப்போம். எச்சிலில் தாராளமாக வரும் இன்னொரு ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸான எப்ஸ்டீன்-பார் செய்யும் வேலை அது. 1984இல் சான்பிரான்சிஸ்கோ மருத்துவர்கள் இதை முதலில் விவரித்தார்கள். புற்றுநோயாக மாறாது. வலி இல்லையென்றால் தனி மருந்தும் தேவையில்லை. ஆனால் எதிர்ப்பு சக்தி குறைந்திருப்பதை அது காட்டிக்கொடுக்கலாம். எச்.ஐ.வி.க்கு மாத்திரை சாப்பிடுபவர் என்றால், நடுவில் அதை விட்டீர்களா? உண்மையைச் சொல்லி, சிடி4 (எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை), வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள எச்.ஐ.வி. அளவு) பார்க்கச் சொல்லுங்கள். புகையிலை போடுபவர் என்றால் கதை வேறு, வாயை நேரில் காட்டியே ஆக வேண்டும்.

கேள்வி: தினமும் ஹெர்பிஸுக்கான அசைக்ளோவிர் மாத்திரை போட்டால் எச்சில் சுத்தமாகிவிடுமா?

பதில்: ஆகாது. கொப்புளம் அடிக்கடி வந்தால் அதை அடக்க மருத்துவர் தருவார், அவ்வளவுதான். நரம்பில் உறங்கும் வைரஸை அது தொடாது. 1994இல் கண்டுபிடித்த, எச்சிலில் அதிகம் வரும் ஹெச்.ஹெச்.வி.-8 என்ற ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ் இருக்கிறதே, கபோசி சர்கோமா என்ற புற்றுநோய்க்குக் காரணமானது, அதனிடமும் இந்த மாத்திரை பலிக்காது. நம் ஊரில் கபோசி அரிது. இருந்தாலும் மேலண்ணத்தில் ஊதா நிறத் திட்டு தெரிந்தால் அன்றைக்கே காட்டுங்கள்.

கேள்வி: எனக்கு எச்.ஐ.வி. பேரனுக்குச் சோற்றை மென்று ஊட்டலாமா?

பதில்: வேண்டாம். ஈறில் ரத்தம் கசிந்திருந்தால், மென்று ஊட்டிய உணவால் எச்.ஐ.வி. தொற்றிய குழந்தைகள் உண்டு. கையால் குழைத்து ஊட்டுங்கள். உதட்டில் கொப்புளம் இருந்தால் பச்சைக் குழந்தைக்கு முத்தமும் கூடாது, ஹெர்பிஸ் அதன் மூளை வரை போகக்கூடும். இது எச்.ஐ.வி. இல்லாத தாத்தாவுக்கும் சேர்த்துத்தான்.