வெளிநாட்டில் இருப்பவருக்கு ஊரில் ஓட்டு: கேள்வி பதில்

சிங்கப்பூர்: அண்ணே, நான் இங்கே பி.ஆர்., அதாவது நிரந்தரவாசி. காரைக்குடியில் ஓட்டுப் போடலாமா?

போடலாம் தம்பி. பி.ஆர். என்பது குடியுரிமை ஆகாது. ஊரில் வசிப்பவருக்கான படிவம் 6 வேண்டாம், வெளிநாட்டில் இருப்பவருக்கான 6ஏ போடுங்கள்.

துபாய்: என்னென்ன இணைக்கணும்? ஊரில் வீடு பூட்டிக் கிடக்கு.

புகைப்படம், பாஸ்போர்ட்டில் படம் உள்ள பக்கம், இந்திய முகவரிப் பக்கம், நடப்பு விசா பக்கம். நகல் ஒவ்வொன்றிலும் உங்கள் கையெழுத்து வேண்டும். பழைய வாக்காளர் அட்டை இருந்தால் அதையும் ஒப்படைக்கணும்.

பிறகு பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) பாஸ்போர்ட் முகவரிக்கு வந்து, உறவினரிடம் நகல்களைக் காட்டி உறுதிமொழி கேட்பார். நம்ம செட்டிநாட்டுப் பக்கம் சிக்குவது இங்கேதான். எட்டுப் பங்காளிக்குப் பொதுவான வீடு, முகப்பில் காவல்காரர் மட்டும் உட்கார்ந்திருப்பார். அவர் உறவினர் இல்லையே! உறுதிமொழி தர உறவினர் இல்லையென்றால் ஆவணங்கள் நீங்கள் இருக்கும் நாட்டு இந்தியத் தூதரகத்துக்குச் சரிபார்ப்புக்குப் போகும், நாள் இழுக்கும். பக்கத்துத் தெருப் பங்காளி ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி, அவர் எண்ணை பி.எல்.ஓ.விடம் கொடுத்து வையுங்கள்.

குவைத்: பாஸ்போர்ட்டில் சென்னை முகவரி. தேவகோட்டையில் பதியலாமா?

முடியாது. பாஸ்போர்ட் முகவரி எங்கேயோ, ஓட்டும் அங்கேதான்.

கோலாலம்பூர்: மலேசியக் குடியுரிமை வாங்கிட்டேன். ஓ.சி.ஐ. (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கான) அட்டை இருக்கு.

ஓ.சி.ஐ.க்கு ஓட்டு இல்லை. 1955 குடியுரிமைச் சட்டம், 7பி பிரிவு.

கோலாலம்பூர்: இந்தியப் பாஸ்போர்ட்டை இன்னும் ஒப்படைக்கலையே? பட்டியலில் பேரும் இருக்கு. அப்பச்சி காலத்திலிருந்து வீட்டு வரியும் கட்டுறோம்.

அதே சட்டத்தின் 9-ம் பிரிவைப் பாருங்கள்: விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கினால் இந்தியக் குடியுரிமை தானாகவே போய்விடும். ஒப்படைப்பது அதற்குப் பிந்திய வேலை. வரி ரசீது வீட்டுக்குத்தான் சான்று, உங்கள் குடியுரிமைக்கு இல்லை.

பினாங்கு: அண்ணே, அவருக்கு ஆதாரும் இருக்கே?

ஆதார் குடியுரிமைச் சான்று இல்லை. எத்தனை அட்டையை நீட்டினாலும் பதில் இதுதான். 6ஏ-யில் வேறு நாட்டுக் குடியுரிமை பெறவில்லை என்று கையெழுத்துப் போடுகிறீர்கள். பொய்யானால் 1950 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 31-ம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பட்டியலில் இருக்கும் பேரைப் படிவம் 7 கொடுத்து நீக்குவதுதான் மரியாதை.

அபுதாபி: ஆன்லைனில் ஓட்டுப் போடலாமா?

பதிவு ஆன்லைனில், ஓட்டு நேரில். வாக்குச்சாவடியில் அசல் பாஸ்போர்ட்டைக் காட்டணும். 6ஏ போட்டு வெளிநாடு வாழ் வாக்காளராகப் பதிந்தவர்களுக்கு வாக்காளர் அட்டை தரமாட்டார்கள்.

மஸ்கட்: தம்பியை விட்டுப் போடச் சொல்லலாமா?

கூடாது. பதிலாள் வாக்கு மசோதா 2018-ல் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவை தாண்டாமல் 2019-ல் காலாவதியானது.

தோஹா: தபால் ஓட்டு?

அபுதாபிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

சிங்கப்பூர்: மகள் இங்கேயே பிறந்தவள், இந்தியப் பாஸ்போர்ட். 18 ஆகப்போகுது.

தாராளமாகப் பதியலாம் ஆச்சி. தகுதி நாள், அதாவது 18 நிறைந்திருக்க வேண்டிய நாள், ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் 1. முதலில் அவள் பாஸ்போர்ட்டில் இந்திய முகவரி இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள்.

பள்ளத்தூர்: வேலையை விட்டு ஊரோடு வந்துட்டேன்.

வாக்காளர் பதிவு அலுவலருக்குத் தெரிவித்துவிட்டுப் படிவம் 6 போடுங்கள்.