நான் எழுதிய மென்பொருளை வேறொருவர் விற்கிறார், தடுக்க முடியுமா?

கேள்வி: ஈரோட்டில் இருக்கிறேன். ஜவுளிக் கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் ஒன்றை எழுதி, ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பு உரிமத்தில் (யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பிறருக்குத் தரலாம், ஆனால் தரும்போது சோர்ஸ் கோடையும் தர வேண்டும் என்ற பொது உரிமம்) சோர்ஸ் கோடோடு, அதாவது நிரலின் மூல வரிகளோடு வெளியிட்டேன். இப்போது ஒரு நிறுவனம் என் பெயரை எடுத்துவிட்டு, தன் லோகோவைப் போட்டு விற்கிறது. சோர்ஸ் கோடு கேட்ட கடைக்காரரிடம் ‘அது கம்பெனி ரகசியம்’ என்றார்களாம். பதிப்புரிமைப் பதிவு எதுவும் நான் செய்யவில்லை. வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் ‘விற்கிறார்கள்’ என்பதற்காகப் போட முடியாது. என்ன விலைக்கும் விற்கலாம் என்று ஜி.பி.எல். உரிமமே சொல்கிறது, அந்த அனுமதியைக் கொடுத்தவர் நீங்கள்தான். பலருக்கு இது கசப்பாகத்தான் இருக்கும்.

அவர்கள் செய்த தவறு வேறு. உங்கள் பதிப்புரிமைக் குறிப்பை நீக்கியது ஒன்று, வாங்கியவருக்கு சோர்ஸ் கோடு தர மறுத்தது இன்னொன்று. இரண்டுமே உரிமத்தின் நிபந்தனைக்கு எதிரானவை. நிபந்தனையை மீறினால் அனுமதி போய்விடும். அனுமதியில்லாமல் பிரதி எடுத்து விற்பது பதிப்புரிமை மீறல். 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரலும் இலக்கியப் படைப்புதான். பதிவு கட்டாயமில்லை. பெயரை நீக்கியதற்குத் தனியாக, படைப்பை எழுதியவர் என்று உரிமை கோரும் 57 ஆம் பிரிவும் உண்டு.

ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். மென்பொருளைக் கடையின் கணினியில் நிறுவித் தருகிறார்களா, அல்லது தங்கள் சர்வரில் வைத்து பிரவுசர் வழியாக மட்டும் பயன்படுத்த விடுகிறார்களா? இரண்டாவது என்றால், பிரதி யார் கைக்கும் போகாததால் சோர்ஸ் கோடு கேட்க ஜி.பி.எல்.லில் வழியில்லை. சர்வர் வழியாகப் பயன்படுத்துவோருக்கும் சோர்ஸ் கோடு தரச் சொல்லும் ஏ.ஜி.பி.எல். உரிமத்தைப் போட்டிருந்தால் கேட்டிருக்கலாம்.

நிறுவித் தருகிறார்கள் என்றால், தெரிந்தவர் மூலம் பில்லோடு ஒரு பிரதி வாங்கி வையுங்கள். மின்னணு ஆதாரத்துக்கு பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63 ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அதில் ஹேஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும், கோப்பிலிருந்தே கணக்கிடும் குறியீடு) கேட்பார்கள். அப்புறம் வக்கீல் நோட்டீஸ். உங்களிடமிருந்து வரும் முதல் நோட்டீஸ் என்பதால், ஜி.பி.எல். விதிப்படி, கிடைத்த 30 நாளுக்குள் குறையைச் சரிசெய்தால் அவர்களின் உரிமம் நிரந்தரமாக மீண்டுவிடும், விற்பனையும் தொடரும். சரிசெய்யாவிட்டால் பதிப்புரிமைச் சட்டத்தின் 55 ஆம் பிரிவில் தடையுத்தரவும் இழப்பீடும் கேட்கலாம். 62 ஆம் பிரிவு இருப்பதால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். அதே சட்டத்தின் 63 ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டுதான். ஆனாலும் போலீஸ் புகாரில் ஆரம்பிக்க வேண்டாம் என்பேன். உரிம நிபந்தனையை ஸ்டேஷனில் விளக்கியே பொழுது போய்விடும்.

நோட்டீஸுக்கு முன்னால் ஒரு விஷயம். இதை எழுதிய காலத்தில் எங்காவது வேலையில் இருந்தீர்களா? பதிப்புரிமைச் சட்டத்தின் 17(சி) பிரிவின்படி, வேலையின் பகுதியாக எழுதியது, மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்கே சொந்தம். ராத்திரி வீட்டில் உட்கார்ந்து எழுதியதையும் சேர்த்து எழுதி வாங்கிக்கொள்ளும் ஒப்பந்தங்கள் உண்டு. அப்படி இருந்தால் இதை ஜி.பி.எல்.லில் வெளியிட உங்களுக்கு அதிகாரம் இருந்ததா என்பதே கேள்வியாகும். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பதும் அதைத்தான். பழைய ஆஃபர் லெட்டரைத் தேடி எடுத்துக்கொண்டு வக்கீலைப் போய்ப் பாருங்கள்.